சித்தப்பாவின் நானூற்றைம்பது வாட்ஸ்

சித்தப்பாவின் மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. டாக்சி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, தன் கணினியிலிருந்து கழற்றிய கிராபிக்ஸ் கார்டைத் தங்கையின் கையில் கொடுத்தான்.

"உன் படத்துக்கு வச்சுக்க. ஆனா பவர் சப்ளையை மாத்திடு. இந்தக் கார்டு யானை மாதிரி கரண்ட் தின்னும்."

சித்தப்பா கையசைக்கவில்லை. "போறவனுக்கு அட்வைஸ் வேற" என்று உள்ளே போய்விட்டார்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியறையில் வந்து விழுந்திருந்தேன்.

சித்தப்பா கணினிக் கடை வைத்திருந்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டே எந்த மின்விசிறி சாகப்போகிறது என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்கள் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கரிசனமெல்லாம் கடையோடு சரி. வீட்டில், சிரித்துக்கொண்டே குத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சித்தி புதுச் செருப்பு வாங்கினால், "எங்க ஓடப்போற? உன்னைத் துரத்திட்டு வர யாரும் இல்லையே" என்பார். சித்தி செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

மகள் ஒரு வருடமாக நான்கு நிமிட அனிமேஷன் படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். வேறு ஊரில் உள்ள திரைப்படப் பள்ளிக்குத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அங்கே சேர்த்துக்கொண்டால் அவள் அந்த வீட்டை விட்டுப் போகலாம். பழைய கார்டில் படத்தை முழுதாக்க வாரக்கணக்கில் ஆகும். அண்ணன் கொடுத்த கார்டில் ஒரே நாள் போதும்.

புதுப் பவர் சப்ளை கேட்டாள். சித்தப்பா விரல்விட்டு எண்ணினார்.

"கார்டு இருநூத்தைம்பது வாட்ஸ். பிராசசர் நூத்தி இருபத்தஞ்சு. மத்ததெல்லாம் அறுபது. மொத்தம் நானூத்தி முப்பத்தஞ்சு. உள்ள இருக்கிறது நானூத்தைம்பது. மிச்சம் வேற இருக்கு."

"அது ஏழு வருஷப் பழசுப்பா."

"நீ பதினெட்டு வருஷப் பழசு. தூக்கியா போட்டேன்?"

சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் ஒருவர் இதே கேள்வியோடு நின்றிருந்தார். பழைய நானூற்றைம்பது, புதுக் கார்டு.

"கூட்டினா சரியா வருதேன்னு விட்டுடாதீங்க சார்" என்றார் சித்தப்பா, பாசமாக. "கார்டு திடீர்னு எகிறி இழுக்கும். பழசானா மேல எழுதியிருக்கிற வாட்ஸ் வராது. மட்டமான சப்ளை போனா தனியாப் போகாது, போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கிட்டுப் போகும். எழுநூத்தைம்பது போடுங்க."

அவர் வாங்கிக்கொண்டு போனதும் கேட்டேன். "வீட்ல வேற கணக்கு சொன்னீங்க?"

சித்தப்பா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "பையன் போயாச்சு. இவளும் போனா கடையை யாரு பாக்குறது? நீயா? ஒரு தலகாணியில ரெண்டு மாசம் சேர்ந்தாப்ல தூங்கியிருக்கியா நீ?"

"அவகிட்ட சொல்லப்போறேன்."

"தாராளமா சொல்லு."

வெளியே வந்து அழைத்தேன். அவள் வேறொரு அழைப்பில் இருந்தாள். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. அடுத்த தெருக் கடையில் எழுநூற்றைம்பது ஒன்றை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன்.

படியேறும்போதே கருகல் வாடை. அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

"அப்பாதான் போன் பண்ணினாருக்கா. தைரியமா ஓட விடு, நான் இருக்கேன்ல அப்படின்னாரு."

அவர் கடையில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் சித்தப்பா வந்து, பெட்டியைத் திறந்து, மோந்து பார்த்தார்.

"போர்டு போச்சு. டிஸ்க்கும் போச்சு. நகல் எடுத்து வச்சியா?"

"முதல் நிமிஷம் மட்டும் இருக்கு."

"சரி விடு. திங்கட்கிழமை கடைக்கு வந்துடு."

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போனாள். அந்த வாரமே நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சில வருடங்கள் கழித்து, எல்லை தாண்டும் பேருந்து ஒன்றில் நான் தூங்கிவழிந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, கடை இப்ப என் பேர்ல. அப்பாவால வீட்ல இருக்க முடியல, தினமும் வந்துடுறாரு. வெளிய ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கேன். உள்ள வரக் கூடாது, கஸ்டமர்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லியாச்சு. நேத்து ஒருத்தர் டாக்டர்னு கூப்பிட்டாரு. இவர் வாயைத் திறந்துட்டாரு. இன்னைக்கு ஸ்டூல் இல்லாம நின்னுக்கிட்டிருக்காரு."