பின்னறைப் பெட்டிகள்

கிளெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அடிலெய்டு மலைப்பாதையில் ஒரு வளைவிலும் பிசகாதவள், வீட்டுக்குள் மட்டும் தோற்றுப்போயிருந்தாள். காரணம் கணவன் லயல். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிய விடமாட்டான். எப்போதோ விற்ற காரின் பதிவுத்தாள், உடைந்துபோன வாஷிங் மெஷினின் உத்தரவாத அட்டை, மங்கிப்போன மின்கட்டண ரசீதுகள் என்று எல்லாம் ஆப்பிள் பெட்டிகளில் பின்னறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. காட்டுத்தீ வருகிற ஊரில் அது வீட்டுக்குள் விறகு அடுக்கிவைத்த மாதிரி.

அந்தக் கோடையில் அவள் கேட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள். லயல் பழத்தோட்ட வேலைக்குப் போனதும் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினாள். வீட்டுப் பத்திரம், காப்பீடு, திருமணச் சான்று எல்லாம் கைப்பிடி வைத்த ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. முதலில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு அலுத்துப்போய், இரண்டு பெட்டிகளைப் பார்க்காமலே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். லாரி வந்து அள்ளிப் போனது.

அந்த வாரமே அனலாய்ச் சுடும் வடகாற்று எழும்பியது. வெள்ளிக்கிழமை மதியம் வானம் செங்கல் நிறமானது. உடனே வெளியேறச் சொல்லி கைபேசி அலறியது. தகரப் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுப் பார்த்தால், தோட்டத்திலிருந்து ஓடிவந்திருந்த லயலைக் காணோம். பின்னறையில் மண்டியிட்டு, பெட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"லயல்! வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன், வா!"

"நீ போ. பின்னாடியே வர்றேன்."

"உனக்கென்ன கிறுக்கா? வேண்டியதெல்லாம் தகரப் பெட்டியில இருக்கு."

"இல்ல. பாத்துட்டேன். அதுல இல்ல."

"எது?"

அவன் திரும்பவில்லை. "மெர்ரினோடது."

அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை. ஓர் இரவு மட்டும் இருந்தாள். பிறப்புச் சான்றையும், மையில் பதித்த பாதச்சுவட்டு அட்டையையும் லயல்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தான். அதன்பின் அந்தப் பெயரை இருவரும் உச்சரித்ததே இல்லை.

"எங்க வெச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு. அதான் எதையும் தூக்கிப்போட விடல."

கூரைமேல் ஏதோ படபடவென்று விழுந்தது. உண்மையைச் சொல்லாமல் விட்டால் அவன் எழுந்திருக்கமாட்டான் என்று கிளெனிஸுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பெட்டிய நான் பாக்காம கொட்டிட்டேன் லயல். அதுல போயிருக்கலாம். இங்கயும் இருக்கலாம். தேட நேரமில்ல. உன்னையும் விட்டுட்டு என்னால போக முடியாது."

அவன் அவளைப் பார்த்த பார்வையை அவள் தாங்கிக்கொண்டாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வெளியே புல்தரையில் தணல் விழுந்து பற்றிக்கொண்டிருந்தது.

சாலை தெரியவில்லை. பேருந்து ஓட்டிப் பழகிய கைதான் புகைக்குள் வளைவுகளைத் தேடிப்பிடித்தது.

"கேட்டிருக்கலாமே," என்றான் பாதிவழியில்.

"எத்தன தடவ கேட்டேன்! ஏன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"வாயில வரலயே, கிளெனிஸ்."

தீ கொட்டகையையும் வேலியையும் கொண்டுபோனது. வீடு நின்றது. திரும்பி வந்ததும், புகைநாற்றம் போகாத பின்னறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடைசித் தாள்வரை பார்த்தார்கள். சான்றும் பாதச்சுவட்டு அட்டையும் கிடைக்கவில்லை. லயல் அவளைத் திட்டவில்லை. பார்த்து முடித்த காகிதங்களை அவனே அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினான்.

சான்றின் நகல் கேட்டு நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பாதச்சுவட்டுக்கு நகல் கிடையாது. இருவருக்கும் தெரியும்.

"குழந்தை பேரு?" என்று கேட்டாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

லயல் தொப்பியைக் கழற்றினான்.

"மெர்ரின். நடுவுல ரெண்டு ஆர்."

திரும்பும் வழியில் அவன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினான். "இவ்ளோதான் இருந்துச்சு காலு."

"போடா, உனக்கென்ன தெரியும்? இன்னும் பெருசு," என்றாள் கிளெனிஸ். வீடு வரும்வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.