நாலாம் மாடியில் தட்டியவர்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆலையில் எல்லோருக்கும் அவர் 'காது'. நாலாம் மாடியில், நிலக்கரித் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே இரும்பு நாற்காலியில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். பொடித்த நிலக்கரி அந்தத் தொட்டியின் அடிக்கூம்பு வழியாகக் கீழே உலைக்குள் இறங்கும். அங்கே அதை முழுக்க எரிய விடாமல், ஆக்சிஜனும் நீராவியும் அளந்து கொடுத்து எரிவாயுவாக மாற்றுவார்கள். அந்த வாயுவை வைத்து உரம் செய்யலாம், எரிபொருள் செய்யலாம் என்று மேலதிகாரிகள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். காதுக்குத் தெரிந்ததெல்லாம் கரி இறங்கும் சத்தம்.

ஒழுங்காக இறங்கினால் சரசரவென்று கேட்கும். கூம்பின் இடுப்பில் கரி இறுகிக்கொண்டால் சத்தம் மெலியும். உடனே எழுந்து, மரச்சுத்தியலால் அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டுவார். மறுபடி சரசர. கொசுவை அடிக்கிறவன் யோசித்தா அடிக்கிறான்? காதும் அப்படித்தான். மற்ற இரண்டு ஷிப்டுக்காரர்களும் அவரிடம் பழகியவர்கள், அவர்களும் தட்டினார்கள். பதிவேட்டில் வெப்பத்துக்கு ஒரு கட்டம், அழுத்தத்துக்கு ஒரு கட்டம், கரியின் எடைக்கு ஒரு கட்டம். தட்டுவதற்குக் கட்டம் இல்லை. அதனால் யாரும் எழுதவில்லை.

அது சோதனை ஆலைதான். முப்பது நாள் நிற்காமல், கரி தானாகவே இறங்கி ஓடிக் காட்டினால், இதைப் போல இருபது மடங்கு பெரிய ஆலை கட்டி வாயுவை விற்க அனுமதி. சோதனையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அங்கே நிரந்தர வேலை என்று பேச்சு. வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிப் பல்லிளித்து அலுத்துப்போயிருந்தார் காது. அவர் மனைவியோ புது ஆலைக் குடியிருப்பின் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பது வரை தீர்மானித்துவிட்டாள்.

இருபத்தாறாம் நாள் காலை, பெரிய ஆலைக்கு வரைபடம் போடும் பொறியாளர் மாடியேறி வந்தார். முப்பது வயதுப் பெண். தூக்கம் கெட்ட கண்ணிலும் சந்தோஷம் தெரிந்தது. கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணா? இருபத்தஞ்சு நாளும் கரி எவ்ளோ சீரா இறங்கியிருக்குன்னு. இந்தக் கூம்போட சாய்வை மாத்தவே வேணாம். அப்படியே பெருசாக்கிட்டாப் போதும்."

"அதுக்குப் பக்கத்துல ஆள் உக்கார இடம் இருக்குமா மேடம்?"

"அங்க ஆளே போக முடியாது. கனமான இரும்பு, மொத்தமா மூடியிருக்கும். எல்லாம் தானாவே நடக்கும்."

காது கூம்பைத் திரும்பிப் பார்த்தார். கரி நின்றாலும் ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இந்தச் சின்ன உலையில் மணி அடித்து எல்லாம் அணைந்துவிடும். இருபது மடங்கு உலையில், அணைவதற்குள் உலையே வெடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க தட்டுனீங்களான்னு யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் என்னங்க? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா? இன்னும் நாலு நாள்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு நாள் முழுக்க வாயை வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் கை கூசியது. இருபத்தெட்டாம் நாள் பொறியாளரை மேலே கூப்பிட்டு, பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

பொறியாளர் நம்பவில்லை. "ரெண்டு தட்டுல என்ன ஆயிடப்போகுது?"

"நான் தட்டாம இருக்கேன். நீங்களே பாருங்க. ஆனா நின்னா நின்னதுதான் மேடம். முப்பது நாள் போச்சு."

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கும் சுலபமாக இருந்திருக்காது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தட்டாதீங்க."

காது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் மெலிந்தது. பிறகு நின்றது. மணி அலறியது; உலை அணைந்தது.

கீழே எல்லோரும் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். எங்கள் தலையில் கல்லைப் போட்டுவிட்டாயே என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருடன் சேர்ந்து தட்டிய மற்ற இருவர் ஒரு மாதம் பேசவில்லை. மனைவி பேசினாள், அதற்கு அவள் பேசாமலே இருந்திருக்கலாம்.

எட்டு மாதம் கழித்துப் புதுக் கூம்பு வந்தது. சாய்வு முன்னைவிடச் செங்குத்து, உட்புறம் வழவழப்பு. மறுபடி முப்பது நாள். சுத்தியலைப் பூட்டி வைத்துவிட்டார்கள். காது அதே நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு தடவையாவது சிக்காதா என்று உள்ளுக்குள் ஏங்கினார், ஏங்கியதற்கு வெட்கப்பட்டார். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

பெரிய ஆலைக்கு அனுமதி கிடைத்தது. வேலைப் பட்டியலைப் பொறியாளரே கொண்டுவந்து கொடுத்தார். கீழ்த்தளத்தில் கரித்துக் கொட்டியவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது. கரித் தொட்டி என்ற வரிக்கு எதிரே ஆட்கள் எண்ணிக்கை பூஜ்யம். வேறு இடத்தில் போடச் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை என்றார். காதுதான் அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மனைவி இந்த முறை கோபப்படவில்லை. பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு."

"வாயத் தொறந்து சொன்னதுக்கா?"

"அதுக்கில்ல." அவர் பட்டியலை வாங்கி மடித்தார். "நான் இல்லாம அவ்ளோ நல்லா ஓடுதே. அதுக்கு."