லோகோவை எங்கே ஒட்டுவது?

காசநோய் ஒழிப்புக்காக வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று கொடுக்கும் நிதி ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மருந்து கொடுக்கத் தெரியாது, பணமும் என்னுடையது இல்லை, ஆனால் இரண்டைப் பற்றியும் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு மட்டும் உண்டு. மும்பை மாட்டுங்காவில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் யாராவது விசாரித்தால் என் மாமியார், "ஏதோ ஃபாரின் கம்பெனி" என்று பேச்சை முடித்துவிடுவார். நோயின் பெயரைச் சொன்னால் பக்கத்து ஃபிளாட் மாமி மறுநாளிலிருந்து காபிக்கு வரமாட்டாள் என்ற பயம் அவருக்கு.

ரிப்போர்ட் எழுதியே முதுகு வளைந்துபோன சக ஜீவன்களே, உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காசநோய் மாத்திரையை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. அதை ஆறு மாதம் விடாமல் விழுங்க வைப்பதுதான் பெரும்பாடு. இருமல் நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று பாதியில் விட்டுவிடுவார்கள். நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பி வரும். அப்படி விடாமல் பார்த்துக்கொள்ள வீடு வீடாகப் போகிற பெண்களுக்குச் சம்பளமும், நோயாளிகளுக்கு மாதாமாதம் பருப்பு, கடலை, எண்ணெய் அடங்கிய ஒரு பையும் எங்கள் நிதியிலிருந்து போகின்றன. எங்கள் தாராவி மையத்துக்கான நிதி அந்த வருடத்தோடு முடிய இருந்தது. தொடர்ந்து கொடுக்கலாமா, மையத்தை மூடிவிடலாமா என்று முடிவு செய்ய வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாடுகளில் சில இவை.

பை மட்டும் வேண்டாம்

அந்த அம்மாளுக்கு முன் வந்த பார்வையாளர் சொல்லிவிட்டுப் போன ஒரே குறை, 'எங்கள் நிதி என்பது எங்குமே கண்ணில் படவில்லை' என்பது. செம்பூர் ஆபீஸில் என் மேலதிகாரி தேஷ்பாண்டே சாருக்கு அது போதும். சாப்பாட்டுப் பைகள் எல்லாவற்றிலும் லோகோ அச்சடிக்கச் சொல்லிவிட்டார். பளிச்சென்ற நீல வட்டம், அதற்குள் இரண்டு நுரையீரல், கீழே மூன்று மொழிகளில் 'காசநோயை வெல்வோம்'. தூரத்தில் போகிற பஸ்ஸிலிருந்துகூடப் படிக்கலாம்.

மறுமாதம் விநியோகத்தைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். தெருவில் அந்தப் பை ஒன்றைக்கூடக் காணோம். மையத்துக்குள் போனால் மூலையில் மலையாகக் கிடக்கின்றன. ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஜவுளிக்கடைப் பை கொண்டுவந்து, பருப்பையும் கடலையையும் அதற்கு மாற்றிக்கொண்டு, எங்கள் பையை மரியாதையாக மடித்துத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறார்கள்.

வரிசையில் நின்ற இசக்கியம்மாளிடம் காரணம் கேட்டேன். அவர் காலையில் இட்லி அவித்து விற்கிறவர். நோய் அவருடைய கணவர் அருணாசலத்துக்கு. மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதமாகியிருந்தது. இனி அவரால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இட்லி வழியாக இந்த நோய் பரவவே பரவாது. ஆனால் இதையெல்லாம் இட்லி வாங்க வருகிறவர்களிடம் யார் நின்று விளக்குவது? விஷயம் வெளியே தெரிந்து வியாபாரம் படுத்தால் மாத்திரையை விட்டுவிடுவேன் என்று அருணாசலம் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். இசக்கியம்மாள் சத்தம் வராமல் என் காதருகே வந்து சொன்னார்:

"மேடம், இந்தப் படம் போட்ட பையத் தூக்கிட்டு நான் தெருவுல நடந்தேன்னு வைங்க, நாளைக்கு அவிச்ச இட்லி பூராத்தையும் நாந்தான் உக்காந்து திங்கணும்."

நைட்டி முதலாளி

அருணாசலம் மாத்திரை போடுகிறாரா என்று பார்ப்பது செல்வியின் பொறுப்பு. செல்வி எங்கள் களப்பணியாளர். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம், பிறந்ததும் வளர்ந்ததும் தாராவி. காசநோய் மையத்திலிருந்து வருகிறவள் என்று எந்தத் தெருவிலும் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். அப்படிச் சொன்னால் அவள் நுழைகிற வீடெல்லாம் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு தெருவில் அவள் கல்யாணத் தரகர், இன்னொன்றில் டியூஷன் டீச்சர், இசக்கியம்மாள் தெருவில் நைட்டி விற்கிறவள். பைக்குள் எப்போதும் இரண்டு நைட்டி இருக்கும்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். இசக்கியம்மாளுக்கு எதிர்வீடு புஷ்பம். புஷ்பத்தின் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி என்று செல்வி எச்சரித்திருந்தாள். அந்த அம்மாள் வாசலிலேயே எங்களை மறித்து, "ஏளா செல்வி, இவுக யாரு?" என்று கேட்டார். கண்ணாடி, காட்டன் புடவை, கையில் ஃபைல் என்று நிற்கும் என்னைக் காட்டிச் செல்வி கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: "நைட்டி கம்பெனி மொதலாளியம்மா. மாட்டுங்காவுலேருந்து வந்திருக்காவ."

அவ்வளவுதான், நாற்காலி வந்தது, டீ வந்தது, பின்னாலேயே புகார்களும் வந்தன. சாயம் போகிறது, தையல் விடுகிறது, மொபைல் வைக்க ஒரு பாக்கெட் இல்லாமல் என்ன நைட்டி தைக்கிறீர்கள் என்று தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, அடுத்த முறை பாக்கெட்டோடு வரும் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அமளியில் செல்வி எதிர்வீட்டுக்குள் நழுவி, அருணாசலம் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாட்டுங்கா மார்க்கெட்டில் பாக்கெட் வைத்த நைட்டிகளைத் தேடி அலைந்தது தனிக்கதை. வாங்கிய பில்லை உள்ளபடியே களப்பணிச் செலவு என்று கொண்டுபோய் நீட்டினேன். செம்பூர்த் தமிழர்களோடு வளர்ந்த தேஷ்பாண்டே சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்:

"மேடம், பணம் குடுக்கிற டோனர் கேட்டா நான் க்யா போலூம், என்ன சொல்றது? இது மெடிசினா, ஃபர்னிச்சரா?"

சாஸ்தாவுக்கு முதலிடம்

நிதி கொடுப்பவர்களுக்கு வருடம் ஒரு வெற்றிக் கதை வேண்டும். அரைப் பக்கம் எழுத்து, ஒரு புகைப்படம், படிக்கிறவர் கண்ணில் கொஞ்சம் ஈரம். தாராவியில் முகத்தைக் காட்ட ஒருவரும் தயாரில்லை. தேடித் தேடிக் கடைசியில் அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரித் தொழிலாளி அகப்பட்டார், பெயர் சுடலைமுத்து. பூரணமாகக் குணமானவர், எடை கூடியவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டவர். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

எப்படிக் குணமானீர்கள் என்று கேட்டேன். குலதெய்வமான சாஸ்தாவுக்கு வேண்டிக்கொண்டதில் தொடங்கி, ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்தது, மொட்டை போட்டது என்று ஒரு மணி நேரம் சொன்னார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை ஏதும் சாப்பிடவில்லையா என்றேன். ஒருநாள்கூட விடவில்லையாம். சாஸ்தா கனவில் வந்து, மையத்திலிருந்து வரும் அந்தப் பெண் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று உத்தரவு கொடுத்திருக்கிறார். எங்கள் பணியாளர்கள் இத்தனை பேர் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியம்! கோட்டைச் சரிசெய்துகொண்டு சுடலைமுத்து பெருந்தன்மையோடு சொன்னார்:

"மாத்திரைக்கும் ஒரு வரி போட்டுக்கிடுங்க மேடம், நான் வேண்டாம்ங்கல. ஆனா சாஸ்தா பேரு மொதல்ல வரணும்."

கோட்டைக் கழற்றிய ஹெல்கா

கடைசியில் அந்த வெளிநாட்டு அம்மாள் வந்தே விட்டார். பெயர் ஹெல்கா. தேஷ்பாண்டே சார் முந்தின நாளே தாராவி மையத்தில் எடை பார்க்கும் மெஷின், ஃபேன், தண்ணீர்ப் பானை, குப்பைத்தொட்டி என்று ஒன்று விடாமல் லோகோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் என் நெற்றியிலும் ஒட்டியிருப்பார். ஹெல்காவோ அவரையே தோற்கடித்தார். அவர் அணிந்திருந்த கோட்டின் முதுகு முழுக்க அதே நீல வட்டம், அதே நுரையீரல்.

ஒரு நோயாளியின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் தேர்ந்தெடுத்தால் நம்பமாட்டார் போலும். அவரே கண்ணை மூடிக்கொண்டு நோயாளிகள் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டார். அருணாசலம். இந்தக் கோட்டோடு இவர் அந்த வாசலில் நின்றால் இட்லி வியாபாரம் அன்றோடு சரி, அருணாசலத்தின் மாத்திரையும் சரி. அவருக்கு அது ஆறாவது, கடைசி மாதம் வேறு. வேண்டாம் என்று தடுத்தால் எதையோ மறைக்கிறோம் என்று மையத்தையே மூடிவிடுவார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது செல்வி குறுக்கே வந்தாள்: "அவுகளக் கோட்ட மட்டும் கழத்தச் சொல்லுங்க மேடம். தாராவியச் சுத்திப் பாக்கத் தெனமும் வெள்ளக்காரவ கூட்டங்கூட்டமா வாராவ, ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாவ. நீங்க ஃபைலத் தூக்கிட்டு வந்தாத்தான் எல்லாரும் பாப்பாவ."

நான் ஹெல்காவிடம் இட்லி, எதிர்வீடு, மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கோட்டைக் கழற்றி மடித்துத் தேஷ்பாண்டே சார் கையில் கொடுத்தார். சார் அதைப் பெற்ற பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மையத்திலேயே தங்கிவிட்டார்.

தெருவில் ஹெல்கா சுற்றுலாப் பயணி, நைட்டி முதலாளியான நான் அன்றைக்கு மட்டும் கைடு. ஒருவர் தோல் பர்ஸ் விற்கப் பார்த்தார், மற்றபடி ஒரு தொல்லையும் இல்லை. இசக்கியம்மாள் வீட்டில், ஏன் மாத்திரையைப் பாதியில் விடவில்லை என்று ஹெல்கா கேட்டார். அருணாசலம் செல்வியைக் காட்டி, "நான் விட்டாலும் இவ விடுவாளா?" என்றார். அந்தச் சமயம் பார்த்துப் புஷ்பம் வாசலில் தலையை நீட்ட, ஹெல்கா தட்டிலிருந்த இட்லியை எடுத்து வாயில் போட்டு, இன்னொன்று வேண்டும் என்று சைகை காட்டினார். வெள்ளைக்காரிக்கு இசக்கியின் இட்லி பிடித்துவிட்டது என்று புஷ்பம் கிளப்பிய சத்தத்தில் மறுநாள் இட்லி சீக்கிரமே தீர்ந்துவிட்டதாகக் கேள்வி. ஹெல்கா வந்த அன்று மாலையே செம்பூர் ஆபீஸில் நாங்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். ஹெல்கா கோட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேஷ்பாண்டே சாரைப் பார்த்துச் சொன்னார்:

"தாராவிக்கு நிதி தொடரும். அந்த ஸ்டிக்கர்களை மட்டும் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்."

எதிர்வீட்டுக்காரி

அருணாசலத்தின் கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அன்று நான் மையத்தில் இருந்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாத செல்வியே அழுதுவிட்டாள். நானும் அழுதேன், ரிப்போர்ட்டில் அதற்கு இடம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாள் ஒரு தூக்கு நிறைய இட்லியோடு வந்தார். அவர் பின்னால் வந்து நின்றது யாரென்று பார்த்ததும் எங்கள் இருவருக்கும் கண்ணீர் நின்றுவிட்டது. புஷ்பம்.

செல்வி அவசர அவசரமாகப் பைக்குள் கைவிட்டு ஒரு நைட்டியை உருவினாள். நானும் முதலாளியம்மா முகத்தை வரவழைத்துக்கொண்டேன். புஷ்பம் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இருமினார். நல்ல இருமல். "இவளுக்கு வாரக்கணக்கா இப்பிடித்தான் இருக்கு. வரமாட்டேன்னா, நாந்தான் இழுத்துட்டு வந்தேன்" என்றார் இசக்கியம்மாள். செல்வி திகைத்துப் போய், "அப்ப, இவுகட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியளாக்கா?" என்று கேட்டாள்.

இசக்கியம்மாள் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டார்:

"அவ என்னத்தச் சொல்ல? நைட்டி விக்கவ எவளாவது தெனமும் வந்து மாத்திர போட்டாச்சான்னு கேப்பாளா? எங்க தெருவுக்கே மொத வாரமே தெரியும். வெளியில சொன்னா அவ பொழப்பு போயிரும்லா? நீங்க வேற இம்புட்டுச் செரமப்பட்டு மறைக்கியளேன்னு, நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டோம். சரி, எனக்குச் சளி எதுல துப்பணும், டப்பாவக் குடுங்க."

ஒரு தெருவே சேர்ந்து காப்பாற்றிய ரகசியத்தை நாங்கள்தான் காப்பாற்றினோம் என்று அந்த வருட அறிக்கையில் விரிவாக எழுதி, அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.