மாமி வார்க்காத தண்ணீர்

ஏழு வயதில் என்னை வைத்து மேய்ப்பது பெரும்பாடு. சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிவேன். அப்பா காயப்போட்ட கருவாட்டை மண்ணில் இழுத்துக் கொட்டுவேன். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே கிடந்து அழுவேன். செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள் சிலர்; கோயிலில் செபிக்கவேண்டும் என்றார்கள் மற்றவர்கள். ஏன் கோபம் வருகிறதென்று எனக்கே தெரியாது.

உயரத்தில் அண்ணனை எட்டிப் பிடித்திருந்தேன். ஒருநாள் உடுப்பில் இரத்தம் கண்டது. அம்மா பதறிப்போய், தாய்மாமனின் மனைவியான மாமிக்கு ஆளனுப்பினார். எங்கள் பக்கத்தில் பெரியபிள்ளையானவளுக்கு முதல் தண்ணீர் வார்ப்பது மாமிதான். வார்த்துவிட்டால் ஊருக்கே நான் குமர்ப்பிள்ளை. அதன்பின் தெரு விளையாட்டும் இல்லை, சைக்கிளும் இல்லை.

மாமி வந்தார். குடம் நிறைந்து நின்றது. கட்டிலுக்குக் கீழே குனிந்து என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டி உறுமினேன். மாமி நிமிர்ந்து அம்மாவிடம் சொன்னார்:

"இவளுக்கு இன்னும் முன்பல்லே முளைக்கேல்லை. நான் ஊத்தமாட்டன். டொக்டரிட்டக் கொண்டுபோவம்."

அந்த ஒரு பேச்சுக்காக மாமிக்கு ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் தீராது.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் இரத்தம் சோதித்தார், எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கக் கையை எக்ஸ்ரே எடுத்தார். பெரியபிள்ளையாகும் வளர்ச்சி வயதுக்கு முந்தித் தொடங்கிவிட்டது, வேறு பயப்பட ஒன்றும் இல்லை, மாதாமாதம் ஊசி போட்டால் வளர்ச்சி தன் நேரத்துக்குக் காத்திருக்கும் என்றார்.

"கோவம் பிள்ளையின்ர குணமில்லை அம்மா. உடம்பு முந்தீட்டுது, மனம் ஏழு வயசிலதான் நிக்குது. நீங்கள் ஏழு வயசுப் பிள்ளையாத்தான் பாக்கவேணும்."

இவ்வளவு வளர்ந்தும் அறிவில்லையா என்று ஏசுவதை அம்மா அன்றோடு விட்டார்.

ஊசிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனது மாமி. முதல் ஊசியன்று அவர் கையையே கடித்தேன். எனக்கு முன்பல் இல்லாததால் தன் கை தப்பியது என்று நேர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வருவது மெல்லக் குறைந்தது. கோப்பைகள் உடையாமல் இருந்தன. அண்ணனின் சைக்கிளில் கடற்கரை வரைக்கும் போய்வந்தேன்.

ஊசியை நிறுத்திய பிறகு, எனக்குப் பன்னிரண்டு வயதில் மறுபடி இரத்தம் கண்டது; அம்மா மாமிக்கு ஆளனுப்பினார். மாமி வந்தார். நான் பலகையில் இருந்தேன், பக்கத்தில் குடம்.

"எங்க, வாயைத் திற பாப்பம்."

திறந்தேன். ஒரு பல் விடாமல் பார்த்தார். பிறகுதான் குடத்தைத் தூக்கினார்.