கிள்ளிக் கொட்டிய கொழுந்து

எழுபதுகளில் நாடு நாடாகப் பரவிவந்த காலரா, கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் வந்தது. இரண்டு பேர் படுத்தார்கள். காலராத் தோட்டம் என்று பெயர் வந்தால் தேயிலை விலைபோகாது என்று தோட்டத்தை நடத்திய துரைக்குப் பயம். எங்களை உள்ளே வைத்துத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டினார். எங்கள் கொழுந்து வேண்டாம், சம்பளமும் கிடையாது என்றார். கொதிக்கிற தண்ணீரில் போடும் தேயிலைக்கு என்ன காலரா? அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. வீட்டுக்குள் படுத்துக்கொண்டு திட்டினோம்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கூடையை மாட்டிக்கொண்டு, தான் வழக்கமாகக் கிள்ளும் மேட்டுக்குப் போனாள். குள்ளமானவள். விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருப்பாள். கண் எங்கேயோ இருக்கும், கை கிள்ளும். கூடை நிறைந்ததும் கொழுந்தைச் செடியடியில் கொட்டிவிட்டு மறுபடி கிள்ளினாள்.

"பைத்தியமாக்கா? கொழுந்து ஏத்த லோரியே வராது லா," என்றேன்.

"செடிக்கு அது தெரியுமா? கிள்ளாம விட்டா எல முத்திரும். அப்புறம் கவாத்துன்னு செடிய மொட்டையா வெட்டிட்டா, துளிர் வர ரெண்டு மாசம் வேலை இல்ல. கேட்டைத் தொறந்தப்புறம் எதைக் கிள்ளுவ, ஒன் மூக்கையா?"

சிரித்துவிட்டுத் திரும்பினேன். உதவிக்கு நானும் போகவில்லை, யாரும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கேட்டைத் திறந்தபோது மலை முழுவதும் இலை முற்றிக் கிடந்தது. எல்லாவற்றையும் வெட்டினார்கள். அவள் மேட்டில் மட்டும் இளங்கொழுந்து. அவளே பறித்துச் சம்பாதித்திருக்கலாம். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரைச் செடியைக் கிள்ள விட்டாள்.

"முத்துன இலையப் போடாத," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த மேட்டை வைத்துத்தான் எங்கள் லயம் இரண்டு மாதம் அரைவயிறு சாப்பிட்டது. தனியாக நின்று அத்தனை கொழுந்தையும் மண்ணில் கொட்ட அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.