நின்றுபோகும் டயர்

கழக்கூட்டத்தில் டயர் கடையில் நான் வேலை பார்த்தபோது, நரைத்த மீசைக்காரர் ஒருவர் இரண்டே இருக்கை கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் டயர் மாற்ற வந்தார். பலாப்பழம் வாங்குகிறவர்போல ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார். காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்களை ஒதுக்கிவிட்டுச் சாதாரண டயர்களைக் கேட்டார்.

“பஞ்சரானா இது வழியில நின்னுபோகும் சாரே. இந்த வண்டியில ஸ்டெப்னி வைக்கவும் இடமில்ல,” என்றேன்.

“நிக்கட்டும். பழைய வண்டி கல்லாத்து மலைரோட்டுல நின்னப்ப நாலு பேரு ஓடி வந்தாங்க, கட்டன்சாயா தந்தாங்க. இந்த வண்டி வாங்கினபொறவு எங்கிட்ட ஒருத்தரும் பேசல்ல, கேட்டியளா.”

உதவ வருகிறவர்கள் மாட்டட்டும் என்று ஸ்டெப்னி ஒன்றையும் வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஆளுக்குப் போடுவதுபோல் பெல்ட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

கல்லாறு வழியாகப் போகும்போதெல்லாம், ரோட்டோரம் சிவப்புக் கார் ஏதாவது நிற்கிறதா என்று இன்றும் பார்க்கிறேன்.