ஒரு வரித் திருத்தம்

ரூபா, ஆந்திராவில் நகரி ஊருக்குப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஏழு வருஷம் காலை ரயிலில் திருப்பதிக்குப் போய் வந்து வேலை பார்த்தாள். தொழிற்சாலை வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மிஷின் செய்கிற சின்னக் கம்பெனி. மிஷினுக்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் மெமரிக் கோளாறு என்றால் அவள்தான் பார்க்க வேண்டும். மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னலின் வேலை. வாங்கிய புரோகிராம் திருப்பித் தராவிட்டால் மெமரி தீர்ந்து மிஷின் உறைந்துபோகும். ஒன்றையே இரண்டு தரம் திருப்பித் தந்தாலோ, அந்த நிமிஷமே செத்துவிடும்.

ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வைத்த மிஷின்கள் பத்து நாளுக்கொரு முறை உறைந்தன. ரூபா மூன்று வாரம் தேடிப் பிடித்தாள். கேமரா எடுத்த படம் பிசகினால், அதற்கு வாங்கிய மெமரி திரும்பி வருவதே இல்லை. திருப்பித் தர ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

மேனேஜர் ரமணாவிடம், "சார், பதினஞ்சு நாள் டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பலாம். இந்தக் கோடிங்கைப் புரோகிராம்ல இன்னொரு இடத்துலருந்தும் கூப்பிடுறாங்க. அங்க ஏற்கெனவே திருப்பித் தராங்களான்னு பார்க்கணும்" என்றாள்.

"ஒக்க லைன், ஒரே லைன் அம்மா! அதுக்குப் பதினஞ்சு நாளா? கஸ்டமர் உயிரை எடுக்கிறான். இன்னிக்கே அனுப்பு."

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அனுப்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை அங்கே கரண்ட் போய் வந்தது. கேமராக்கள் மறுபடி கிளம்பியபோது, அவள் பயந்தபடியே ஒரே மெமரி இரண்டு தரம் திரும்பியது. நாற்பத்து மூன்று மிஷினும் ஒன்றாகச் செத்தன. வாசலில் நின்றவர்களில் அங்கே வேலை பார்க்கும் அவள் தம்பி ஹரிபிரசாத்தும் ஒருவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொருமினான்.

"காலைல துன்னாமகூட ஓடுனேன்க்கா. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுகினு கெடந்தோம். கடைசில அரை நாள் ஆப்சென்ட் போட்டுட்டான். எவன் பண்ண மிஷினோ, அவன் கை வெளங்காது!"

மிஷின் மேல் வேறு கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்ததால் அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் ரமணா தலை நிமிராமல், "கோடிங்ல ரூபா பேருதான் இருக்கு" என்றார்.

"நீங்கதானே சார் இன்னிக்கே அனுப்புன்னீங்க?"

"நான் சொன்னதுக்கு மெயில் உந்தா அம்மா?"

இல்லை. கூட இருந்த நாலு பேரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னபோது அதில் இரண்டு பேர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார்கள்.

அன்று மதியத்துக்குள் ரூபா கோளாறைச் சரிசெய்தாள். எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது என்று திருத்தத்தோடு குறிப்பது தொழில் வழக்கம். தன் மாற்றத்தின் எண்ணைத் தானே தேடி எழுதினாள். அதற்குப் பிறகு மிஷின்கள் ஒருநாளும் நிற்கவில்லை. அடுத்த மாதம் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

சென்னையில் ஒரு இன்டர்வியூவில் நடந்ததை அப்படியே சொன்னாள்.

"தப்பு வரும்னு தெரிஞ்சிருந்தும் ஏன் அனுப்புனீங்க?" என்று கேட்டார்கள். ரமணாவை எவ்வளவு திட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து வந்தாள்.

இப்போது புத்தூரில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் இருக்கிறாள். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் அவளைக் கூப்பிடுகிறார்கள்.